கேள்வி கேட்கிற பிள்ளைகளைத் தடைபண்ணாதிருங்கள்

தென்மாவட்டச் சபைகளில் ஞாயிறு பள்ளி நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், திடப்படுத்தல் வகுப்பு எடுக்கும் ஆயர் ஐயாமாருக்கும்,

கர்த்தருக்குள் அன்பின் ஸ்தோத்திரம்.

வளர்ந்த பிள்ளைகளை விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட ஆயத்தப்படுத்துகிற திடப்படுத்தல் வகுப்புகள் இந்த வருடம் தொடங்குவதற்குள் உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நம் பிள்ளைகள் விசுவாசத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், ஒரு சந்தேகத்தைச் சொன்னால், நாம் அவர்கள் வாயை அடைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அன்பாகத்தான் அடைக்கிறோம். "அப்படியெல்லாம் கேட்கக் கூடாதும்மா" என்கிறோம். "அது சாத்தான் கொண்டுவருகிற எண்ணம், ஜெபம் பண்ணு" என்கிறோம். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் நம்மிடம் கேட்பதில்லை. சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நாமும் நிம்மதியாகிவிடுகிறோம். கல்லூரிக்கோ வேலைக்கோ வெளியூர் போன பிறகு அவன் ஏன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை என்று தாய் அழும்போதுதான் நமக்கு விஷயம் தெரிகிறது.

நானும் உங்களில் ஒருத்திதான். பல வருடமாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். அதனால் வெளியே நின்று குறை சொல்லுகிறவளின் கடிதமாக இதைப் படிக்காதீர்கள்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நாம் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. வேதவினாப் போட்டி வைக்கிறோம். மெத்தூசலா எத்தனை வருஷம் உயிரோடிருந்தான் என்று கேட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை 969 என்று எழுந்து நின்று சொல்லும். ஆகாபின் மனைவி பெயர், பேழையின் நீளம், யோசுவா அனுப்பிய வேவுகாரர்களை ஒளித்துவைத்தது யார் என்று எல்லாவற்றுக்கும் கை தூக்குகிறார்கள். விடை நம் கையிலிருக்கும் தாளில் இருக்கிறது. அவர்கள் அதைச் சரியாகச் சொன்னால் டிபன் பாக்ஸ் பரிசு. இதில் தப்பொன்றும் இல்லை. வசனம் மனதில் பதிவது பின்னாளில் எவ்வளவு உதவும் என்பதை என் சொந்த வாழ்க்கையில் கண்டிருக்கிறேன். ஆனால் விடை நம் தாளில் இல்லாத கேள்வியை அதே பிள்ளை கேட்டால் என்ன நடக்கிறது?

ஒரு ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிறு பள்ளிக்குத் தனிக் கட்டடம் கிடையாது. பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, ஒரே கோயிலுக்குள் மூலைக்கு ஒரு வகுப்பாக நடத்துகிறோம். பக்கத்து வகுப்பில் பேசுவது நன்றாகக் கேட்கும். அன்றைக்குப் பெரிய வகுப்புக்கு ஒரு அண்ணன் சாட்சி சொல்ல வந்திருந்தார். சுனாமி அன்று குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவதாக இருந்ததையும், கடைசி நேரத்தில் மனம் மாறி ஆராதனைக்குப் போனதையும், கர்த்தர் அப்படித் தங்களைக் காப்பாற்றியதையும் சொன்னார். உண்மையான நன்றியோடுதான் சொன்னார், குரல் தழுதழுத்தது. சுனாமிக்குப் பிறகு பிறந்த பையன் ஒருவன் கேட்டான்: "கோயிலுக்குப் போனதால உங்கள ஆண்டவர் காப்பாத்துனார்னா, கோயிலுக்குப் போயிட்டு வந்தவங்களும் செத்தாங்களே அண்ணே. அவங்கள ஏன் காப்பாத்தல?"

பையன் எகத்தாளமாகக் கேட்கவில்லை. அவன் வீட்டில் யாரையோ நினைத்துத்தான் கேட்டான் என்று எனக்குப் பட்டது. சாட்சி சொன்னவர் பதில் தேடித் திணறினார். வகுப்பு ஆசிரியர் முந்திக்கொண்டு, "கர்த்தரை எதிர்த்துக் கேள்வி கேட்கக் கூடாது. அது அவிசுவாசம். உட்காரு" என்றார். அவன் உட்கார்ந்தான். வகுப்பு முடிகிறவரைக்கும் வேதாகம உறையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். மற்றப் பிள்ளைகளுக்கும் அன்றைக்கு ஒரு பாடம் கிடைத்தது, இங்கே எதைக் கேட்கக் கூடாது என்கிற பாடம்.

அந்தக் கேள்வி நியாயமானதா இல்லையா? 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை ஒன்பது மணியை ஒட்டி அலை வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள், அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். குமரிக் கரையில் கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று இழவு விழுந்த ஊர்களில் பல, தலைமுறை தலைமுறையாகச் சிலுவை போட்டுக்கொண்டு கடலுக்குப் போகிற ஊர்கள். வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் தண்ணீர் ஏறவில்லை, உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள் என்பதை இன்றும் அற்புதமாகச் சொல்கிறோம். அதே கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாட எங்கிருந்தெல்லாமோ வந்திருந்த திருப்பயணிகள், கூப்பிடு தூரத்திலுள்ள கடற்கரையில் செத்துக் கிடந்தார்கள். முதல் பாதியை மட்டும் சாட்சியாகச் சொல்லி இரண்டாம் பாதியைக் கேட்காதே என்று ஒரு பையனுக்குச் சொன்னால், அவன் நம்மை நம்ப மாட்டான். நம்பவும் கூடாது என்றுதான் சொல்வேன்.

கேள்வி புதிதும் இல்லை. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள். போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரத்தில் கோயில்கள் நிறைந்திருந்த காலை நேரத்தில் பூமி அதிர்ந்தது. கோயில்கள் ஜனங்கள்மேல் இடிந்து விழுந்தன. தப்பி ஆற்றங்கரைக்கு ஓடினவர்களைக் கடல் வந்து அடித்தது. இதே கேள்வியை ஐரோப்பா முழுவதும் அப்போது கேட்டது. நம் காலத்திலும், 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். நம்மிடம் படிக்கிற பிள்ளைகளின் வயதுதான். இதையெல்லாம் செல்போனில் பார்க்கிற பிள்ளை வாய் திறக்காமல் இருக்கிறது என்றால், அதற்கு விசுவாசம் பெருகிவிட்டது என்று அர்த்தமில்லை.

சுனாமிக்குப் பிறகு சிலர் பிரசங்கபீடத்திலும் மேடைகளிலும் அது பாவத்துக்கு வந்த தண்டனை என்று பேசினார்கள். உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். இயேசுவிடமே இப்படிப்பட்ட ஒரு செய்தி வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்ததை அவரே எடுத்துச் சொல்லி, எருசலேமில் குடியிருக்கிற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்றார். லூக்கா 13. ஏன் விழுந்தது என்ற விளக்கத்தை அவர் அங்கே கொடுக்கவில்லை. கேட்டவர்களை மனந்திரும்பச் சொன்னார், ஆனால் செத்தவர்களைக் குற்றவாளிகளாக்குகிற விளக்கத்தை மட்டும் மறுத்தார். அந்தப் பையனுக்கு இந்தப் பகுதியைத் திறந்து வாசித்துக் காட்டியிருந்தால் போதும். "உன் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் இதை ஆண்டவரிடமே கொண்டுபோயிருக்கிறார்கள், அவர் இப்படிச் சொன்னார்" என்று சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபுவை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்பது எந்தச் சாவு வீட்டு போஸ்டரிலும் இருக்கும். அது முதல் அதிகாரம். மொத்தம் 42 அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அங்கிருந்து பக்கம் பக்கமாக அவன் பேசுவதை எந்த ஞாயிறு பள்ளிப் பாடத்தில் வைத்திருக்கிறோம்? தேவனோடு வழக்காட வேண்டும் என்கிறான், என்மேல் என்ன குற்றம் சொல்லுங்கள் என்கிறான், துன்மார்க்கர் ஏன் நன்றாக வாழ்ந்து கிழவயதாகிறார்கள் என்று கேட்கிறான். சிநேகிதர் மூன்று பேரும் கர்த்தருக்காக வக்காலத்து வாங்குகிறார்கள். தேவன் நீதியுள்ளவர், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அறிக்கையிடு என்கிறார்கள். அவர்கள் பேசுவதில் பாதியை இன்றைக்கும் எந்த ஜெபக்கூட்டத்திலும் அப்படியே எடுத்துப் பிரசங்கிக்கலாம், ஒருவரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். கடைசியில் கர்த்தர் அவர்களில் ஒருவனான எலிப்பாசிடம் சொல்கிறார்: "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை." கோபம் மூண்டது கேள்வி கேட்டவன்மேல் இல்லை, பதில் சொன்னவர்கள்மேல். யோபுவையும் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு அடக்கினார் என்பது உண்மை. ஆனாலும் நிதானமாய்ப் பேசினவன் என்ற பெயர் அவனுக்குத்தான் கிடைத்தது. அந்தச் சிநேகிதர்கள் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. வந்தவுடன் ஏழுநாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். நாம் அதைச் செய்தாலே பாதிப் பேர் தப்பிப்பார்கள்.

சங்கீதங்களும் அப்படித்தான். வருஷப்பிறப்பு ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எனக்கும் பிடித்த வழக்கம், என் வேதாகமத்துக்குள் பல வருடத்து அட்டைகள் இருக்கின்றன. அதில் 23-ஆம் சங்கீதம் வரும், 91 வரும், 121 வரும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்கிற 13-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் வந்து பார்த்ததுண்டா? 88-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் முடியும்போது பெரும்பாலும் ஒரு நம்பிக்கையின் சொல்லாவது வரும். இதில் அதுவும் இல்லை. சிநேகிதரை எனக்குத் தூரமாக்கினீர், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. இதைப் பாடினது கோராகின் புத்திரர், ஆலயத்துப் பாடகர்கள். இஸ்ரவேலர் இதை ஒளித்து வைக்கவில்லை, ஆராதனைப் பாட்டாக வைத்தார்கள். ஆபகூக்கிலும் "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்ற மூன்றாம் அதிகாரம் நம் எல்லாருக்கும் மனப்பாடம். "கர்த்தாவே, நான் எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே" என்று அந்தப் புஸ்தகம் தொடங்குவதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? முதல் அதிகாரத்தில் அப்படிக் கூப்பிட்டவன்தான் மூன்றாம் அதிகாரத்தில் பாடுகிறான். கடைசியில் வருகிற துதியை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், அந்தத் துதி எவ்வளவு கனமானது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இனி இயேசுவின் சீஷனாகிய தோமாவுக்கு வருகிறேன். நம் வகுப்புகளில் அவன் பெயர் ஒரு வசவாகிவிட்டது. எதையாவது நம்பாத பிள்ளையை "நீ என்ன தோமாவா" என்கிறோம். அவன் இயேசுவோடு சாகத் துணிந்தவன் என்பதை யாரும் சொல்வதில்லை. பெத்தானியாவுக்குப் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்கினபோது, "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்றவன் அவன்தான். இன்னொன்று. "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற வசனம் மாட்டாத கிறிஸ்தவ வீடு நம் பக்கத்தில் இல்லை. அந்த வசனம் எப்படி வந்தது? "ஆண்டவரே, நீர் போகிற இடத்தை அறியோமே, வழியை நாங்கள் எப்படி அறிவோம்" என்று தோமா கேட்டான். மற்றவர்கள் புரிந்ததுபோல இருந்திருப்பார்கள், இவன் புரியவில்லை என்றான். அந்தக் கேள்விக்கு வந்த பதில்தான் நம் சுவரில் தொங்குகிறது.

உயிர்த்தெழுதலை அவன் நம்பாததைச் சொல்கிறோம். மற்றவர்கள் மட்டும் உடனே நம்பினார்களா? பெண்கள் வந்து சொன்னபோது அது அவர்களுக்கு வீண்பேச்சாகத் தோன்றியது என்று லூக்கா எழுதியிருக்கிறார். இயேசு தம்முடைய கைகளையும் விலாவையும் அவர்களுக்குக் காண்பித்த பிறகுதான் சந்தோஷப்பட்டார்கள். தோமா அன்றைக்கு வீட்டில் இல்லை. மற்றவர்களுக்குக் கிடைத்ததைத்தான் அவனும் கேட்டான். அப்புறம் யோவான் 20:26-ஐக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். எட்டுநாளைக்குப் பின்பு சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்." ஒரு வாரம் முழுவதும் பத்துப் பேர் "கண்டோம்" என்கிறார்கள், ஒருவன் "நம்பமாட்டேன்" என்கிறான். அவனை அவர்கள் வெளியே அனுப்பவில்லை. அவனும் கோபித்துக்கொண்டு போகவில்லை. அவன் அவர்களோடு இருந்ததால்தான், இயேசு வந்தபோது அங்கே இருந்தான். "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற அறிக்கை அவன் வாயிலிருந்துதான் வந்தது. சுவிசேஷங்களில் அவ்வளவு வெளிப்படையாக வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் உங்களிடம் கேட்பது இந்த ஒரு வாரம்தான். சந்தேகப்படுகிறவன் அந்த வாரம் எங்கே உட்கார்ந்திருப்பான், நம்மோடா, வெளியிலா?

காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்றும் இயேசு அங்கேயே சொன்னாரே என்பீர்கள். சொன்னார். ஆனால் தழும்பைக் காட்டிவிட்டுத்தான் சொன்னார், காட்டாமல் அதட்டி அனுப்பவில்லை. நம் தமிழ் மண்ணில் சுவிசேஷத்தைக் கொண்டுவந்ததாக மரபு சொல்லுகிற அப்போஸ்தலனும் இவன்தான். மயிலாப்பூர் சாந்தோம், சைதாப்பேட்டை சின்னமலை, பரங்கிமலை என்று சென்னையில் மூன்று இடங்கள் அவன் நினைவைச் சுமந்து நிற்கின்றன. இந்தியாவில் மிகப் பழைய கிறிஸ்தவ மரபுகள் தங்கள் வேரைப் பேதுருவிடமோ பவுலிடமோ தேடவில்லை, தோமாவிடம்தான் தேடுகின்றன. நாம் ஏன் அவன் பெயரை வசவாக்க வேண்டும்?

யாக்கோபு 1:6-ஐ எடுத்துக் காட்டப் போகிறீர்கள் என்று தெரியும். சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான். நானும் அதை மதிக்கிறேன். சந்தேகத்திலேயே காலத்தைக் கழிப்பது பெரிய ஞானம் என்று நான் சொல்ல வரவில்லை. அது வலி. அலையில் அடிபடுகிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் ஒரு வசனம் முன்னால் போங்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் யாரிடம் கேட்க வேண்டும்? "யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடத்தில்." கேட்கிறவனைத் தேவன் கடிந்துகொள்வதில்லை. அவர் செய்யாததை அவர் பேரில் நாம் ஏன் செய்கிறோம்?

உனக்குப் பிள்ளை பிறக்கும் என்று தூதன் சொன்னபோது, இதை எதினால் அறிவேன் என்று சகரியா கேட்டதற்கு ஊமையாக்கப்பட்டானே என்று ஒரு ஆயர் ஐயா என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. சகரியா வயதான ஆசாரியன், ஆலயத்துக்குள் நின்றவன், வேதம் தெரிந்தவன். பதின்மூன்று வயதுப் பிள்ளையை அவனோடு சேர்க்க முடியுமா? அவனுக்கும்கூட வாக்குத்தத்தம் பறிக்கப்படவில்லை, பிள்ளை பிறந்தது, வாயும் திறந்தது. அந்தப் பிள்ளை யோவான்ஸ்நானன் வளர்ந்து, யோர்தானில் இயேசுவை உலகத்துக்கே சுட்டிக்காட்டிவிட்டு, சிறையில் கிடக்கும்போது ஆளனுப்பிக் கேட்கிறான்: "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" இயேசு அவனைக் கண்டிக்கவில்லை. நீங்கள் கேட்கிறவைகளையும் காண்கிறவைகளையும் போய்ச் சொல்லுங்கள் என்றார். வந்தவர்கள் திரும்பிப் போனதும் ஜனங்களிடம், ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவனைவிடப் பெரியவன் இல்லை என்றார். சந்தேகம் கேட்டனுப்பின அதே நாளில் கிடைத்த பாராட்டு இது.

பிள்ளைகளின் கேள்வி எல்லாம் துன்பத்தைப் பற்றியது என்றோ, டைனோசரும் ஆறு நாள் சிருஷ்டிப்பும் பற்றியது என்றோ நினைத்துவிடாதீர்கள். அவர்களை உள்ளுக்குள் அதிகம் அரிக்கிற கேள்விகள் நம்மைப் பற்றியவை. கிறிஸ்து இயேசுவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்று கலாத்தியர் 3:28-ஐ மனப்பாடம் பண்ணச் சொல்கிறோம். அதே பிள்ளை வீட்டில் கிறிஸ்தவப் பத்திரிகையைத் திறந்தால் மணமகன் தேவை விளம்பரத்தில் சாதிப் பெயர் முதலில் நிற்கிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் பிரிவு. திருமண்டலத் தேர்தல் வந்தால் எந்த ஓட்டு யாருக்கு என்று பெரியவர்கள் சாதியை வைத்துக் கணக்குப் போடுவதைப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையிலேயே கேட்கிறார்கள். "அப்ப இந்த வசனம் பொய்யா டீச்சர்?" என்று ஒரு பெண் பிள்ளை என்னிடம் கேட்டாள். இந்தக் கேள்வியை அவிசுவாசம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அந்த வசனத்தை அவள் நம்மைவிட அதிகமாக நம்பினதால்தான் கேட்டாள்.

தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவிடம் நம் ஜனங்கள் கேட்டதும் இதே மாதிரிதான். உங்கள் மார்க்கம் இவ்வளவு நல்லது என்றால் இங்கே இருக்கிற ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் ஏன் இப்படிக் குடித்துக் கூத்தடிக்கிறார்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். சீகன்பால்கு அவற்றை மறைக்காமல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அதோடு நிற்கவில்லை. 1712 முதல் அவரும் உடன் ஊழியர் கிரண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகளைக் கடிதமாக எழுதி அனுப்பி, வந்த பதில்களை மொழிபெயர்த்து ஹாலே நகரத்தில் அச்சாக வைத்தார்கள். அந்தப் பதில்களில் அவர்களுக்குப் பிடிக்காதவை நிறைய இருந்தன. அவர்கள் எல்லாவற்றிலும் சரியாக நடந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் சபையின் தொடக்க காலத்திலேயே இப்படிக் கேட்பதும் கேட்கப்படுவதும் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு இடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. வியாதிப்பட்ட வீடுகள். சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய், ஜெபித்து, சுகமாகாமல் திரும்புகிறவர்களிடம் "உங்க விசுவாசம் போதாது" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே பரவிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இதைச் சொன்னதை என் காதால் கேட்டேன். மாற்கு 9-இல் பிள்ளைக்காக வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடே சத்தமிட்டான். விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில் வந்தன. அந்த அரைகுறை விசுவாசத்தோடு வந்தவனை, முழுசாகக் கொண்டுவா என்று இயேசு திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை சுகமானான். சுகமாகாத பிள்ளைகளும் உண்டு. ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பழியைத் தாயின் விசுவாசத்தின்மேல் போட நமக்கு எந்த அதிகாரமும் இல்லை.

கல்கத்தாவில் சாகக் கிடந்தவர்களைத் தூக்கிச் சுமந்த அன்னை தெரேசா, பல பத்தாண்டுகள் தேவன் தன்னோடு இருப்பதை உணரவே முடியாமல் தவித்தார் என்பது அவர் மரித்த பிறகு, 2007-இல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோது உலகத்துக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான், 2016-இல், கத்தோலிக்க சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அந்த இருட்டிலும் அவர் ஊழியத்தை விடவில்லை. நம் வகுப்பில் மௌனமாக உட்கார்ந்திருக்கிற பதினைந்து வயதுப் பெண், "ஜெபிக்கும்போது எனக்கு ஒண்ணுமே தோணல" என்று சொன்னால், அவளுக்கு இதைச் சொல்லுங்கள். தான் ஒருத்திதான் இப்படி என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். வாரம் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை ராத்திரி பாடப்புத்தகத்தைத் திறக்கிற ஆட்கள் நாம். இறையியல் கல்லூரியில் படித்தவர்கள் இல்லை. ஒரு பிள்ளை திடீரென்று "தேவன் இருக்காருன்னு எப்படித் தெரியும்" என்று கேட்டால் பயமாகத்தான் இருக்கும். பதில் சொல்லத் தெரியாவிட்டால் விசுவாசமே இடிந்துவிடும் என்று நினைக்கிறோம். வகுப்பில் கேள்வியை வளர்த்தால் பெற்றோர் வந்து சண்டைபோடுவார்கள் என்ற பயமும் உண்டு. ஆனால் பிள்ளைகள் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் பதில் இல்லை. இதைக் கேட்டாலும் என்னை உங்களோடு வைத்துக்கொள்வீர்களா என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். "எனக்குத் தெரியாதுப்பா, அடுத்த வாரம் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்கிற டீச்சரை எந்தப் பிள்ளையும் இளக்காரமாக நினைத்து நான் பார்த்ததில்லை.

லூக்கா 2-இல் பன்னிரண்டு வயது இயேசு ஆலயத்தில் இருந்ததை நாம் படமாக வரைந்து விடுமுறை வேதாகமப் பள்ளியில் (வி.பி.எஸ்.) வண்ணம் தீட்டக் கொடுக்கிறோம். அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டார், அவர்களை வினாவினார். அந்த வயதுதான் திடப்படுத்தல் வகுப்புக்கு வருகிற வயதும். அந்தப் போதகர்கள் அவரை உட்கார வைத்துப் பேசினார்கள். எகிப்திலிருந்து விடுதலையானதை இஸ்ரவேலர் நினைவுகூருகிற பஸ்கா பண்டிகையும் பிள்ளையின் கேள்வியோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்று யாத்திராகமம் 12 நமக்குக் கட்டளையிடுகிறது. கேட்பார்கள் என்று கர்த்தர் எதிர்பார்க்கிறார்.

ஆகவே ஆயர் ஐயாமாரே, திடப்படுத்தல் வகுப்புகளில் இரண்டு வகுப்பையாவது மனப்பாடம் இல்லாமல், கேள்விக்கு மட்டும் வையுங்கள். பெயர் எழுதாமல் துண்டுச் சீட்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். முதல் வகுப்பில் கேலியான சீட்டுகள் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்ததில் உண்மையானவை வரும். அதில் பதில் தெரியாதவற்றை ஒளிக்காமல் வாசியுங்கள். சபைச் சாட்சி நேரத்தில், ஜெபம் கேட்கப்படாதவர்களும் வந்து பேச ஒரு ஞாயிறு கொடுங்கள். பாடத்திட்டம் தயாரிக்கிறவர்கள் யோபு 3-ஐயும் 88-ஆம் சங்கீதத்தையும் பெரிய வகுப்புக்காவது சேருங்கள். துக்க வீட்டுக்குப் போகிற மூப்பர்களுக்கு, எதைச் சொல்லக் கூடாது என்று ஒரு முறையாவது உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

ஞாயிறு பள்ளி அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. போன வருடம் ஒழுங்காக வந்து இந்த வருடம் வராத பிள்ளைகளின் பெயர் உங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கும். அவர்களில் ஒருவரை இந்த வாரம் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று விசாரிக்க வேண்டாம். அன்றைக்கு ஏதோ கேட்க வந்தாயே, அது என்ன என்று கேளுங்கள். சொல்லி முடிக்கிறவரைக்கும் குறுக்கே பேசாமல் இருங்கள்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருத்தி